கோடையா, கச்சானா?

பத்தாம் வகுப்புத் தமிழ் இரண்டாம் இயலில் ‘கேட்கிறதா என் குரல்!’ பாடம் நடத்தியிருப்பீர்கள். கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல். தேர்வில் மேல்காற்றின் பெயரைக் கேட்டிருந்தேன். உவரி மாணவன் ஒருவன் ‘கச்சான்’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். “எங்கப்பா கச்சான்னுதான சார் சொல்லுவாவ” என்றான். வாதாடவில்லை, போய் உட்கார்ந்துகொண்டான்.

அன்று மாலை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் புரட்டினேன். கச்சான் இருந்தது, பொருள், மேல்காற்று. அகராதியை முதலில் பார்த்திருக்க வேண்டும்.

கடலோடிகளிடம் இச்சொல் தனித்து நிற்பதில்லை. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்பவை அவர்களின் நாற்றிசைக் காற்றுகள். தென்காற்றாகிய சோழகத்தோடு கச்சானைச் சேர்த்தால் சோழகக்கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று. வாடைக்கொண்டல் வடகிழக்குக் காற்று. நம் புத்தகத்தில் நான்கு பெயர்களே உள்ளன. இவர்கள் இடைத்திசைகளுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள்.

இலங்கையில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். ஆனால் மட்டக்களப்புப் பக்கம் ‘கச்சான் காற்று’ என்றால் வெக்கை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவக்காற்று நடுமலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடேறி வறண்டுவிடுகிறது. கடற்காற்றையே தள்ளிவிட்டு வீசுவதால் வெப்பம் 38 டிகிரி செல்சியஸை நெருங்கும். அமெரிக்க வானிலையியல் கழகத்தின் கலைச்சொல் தொகுதியில் இக்காற்று ‘கச்சான்’ என்ற இதே பெயரில் இடம்பெற்றிருக்கிறது. நான் அடித்த சொல் அது!

நமக்கும் அதே கதைதான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் கேரளத்தில் மழை; இப்பால் ஆடிக்காற்றும் புழுதியும். அதனால்தான் வெயில் காலத்துக்கும் மேல்காற்றுக்கும் ‘கோடை’ என்ற ஒரே பெயர் நமக்குப் பொருந்துகிறது. கொண்டல் ‘கொள்’ என்னும் அடியிலிருந்து வந்தது. நீரைக் கொண்டதால் மேகம் கொண்டல்; கீழ்க்காற்றும் கொண்டல். ஐப்பசி மழை நமக்குக் கிழக்கிலிருந்துதானே வருகிறது? மலைக்கு மேற்கே இருப்பவர்களுக்கு மழை கொண்டுவருவது மேல்காற்று. புவியியல் ஆசிரியர் மழைமறைவுப் பகுதியை நடத்தும் வாரத்திலேயே இப்பாடத்தையும் வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

பொதுத்தேர்வில் பாடநூல் விடையைத்தான் எழுத வேண்டும். அதை மாணவர்களிடம் மறைக்கக் கூடாது. வகுப்புத் தேர்வில் அப்படியல்ல. மறுநாள் அவன் தாளை வாங்கி மதிப்பெண்ணைச் சேர்த்துவிட்டு, காற்றுப் பெயர்களைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். எட்டுத் திசைக்கும் எழுதினான். உள்ளூர்ப் பிள்ளைகள் ‘மேகாத்து’ என்பதோடு நின்றுவிட்டார்கள்.