மாரியும் மேரியும்

கேரளக் காட்டுக்குள் இருக்கும் கவிக்குப் போகிறவர்கள் அட்டைக்குப் பயந்து உப்பும் புகையிலையும் கட்டிக்கொண்டு போவார்கள். நான் உப்போடு ஒரு பிளாஸ்டிக் ஃபைலையும் எடுத்துப் போவேன். அதுவும் அட்டைக்குத்தான்: ரேஷன் அட்டை, ஆதார் அட்டை, அங்குள்ளவர்கள் இலங்கையிலிருந்து வரும்போது வாங்கிய குடும்ப அட்டை.

எனக்குச் சொந்த ஊர் பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை. வெளிநாட்டு அகதி முகாம் ஒன்றில் ஊழியம் செய்ய வேண்டும் என்று ஆசை. சபை அனுப்பியதோ இடுக்கி வண்டிப்பெரியாறுக்கு. முகம் சுருங்கித்தான் போயிற்று. கடல் தாண்டி வந்தவர்கள் பக்கத்துக் காட்டுக்குள்ளேயே ஏலம் பறித்துக்கொண்டிருப்பது அப்போது எனக்குத் தெரியாது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக எழுதினார்கள். அப்படி வந்த சில குடும்பங்களைக் கேரள வன வளர்ச்சிக் கழகம் கவியில் குடியமர்த்தியது.

முதலில் போன தொழிலாளர் லயத்திலேயே சறுக்கினேன். “அகதிகளுக்காக ஜெபிக்க வந்திருக்கிறோம்” என்றேன்.

“அகதி யாரு புள்ள? நாங்க பாஸ்போட்டோட வந்தவங்க” என்றார் ஒரு பாட்டி.

அந்தச் சொல்லை அன்றோடு விட்டேன். நீங்கள் போனாலும் ‘அங்கே எந்தத் தோட்டம்?’ என்றுதான் ஆரம்பியுங்கள். பதுளைப் பக்கமா, அட்டன் பக்கமா என்று பேச்சு வளர்ந்தால் தேத்தண்ணி வரும். நாள் நல்லதாக இருந்தால் ரொட்டியும் சம்பலும்.

அடுத்து, தகரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். நான்காக மடித்த தாள்கள் மடிப்பிலேயே இற்றிருக்கும். செலோடேப் ஒட்டாதீர்கள், பசை எழுத்தையும் தின்றுவிடும். முதலில் ஜெராக்ஸ் எடுங்கள். கவி பத்தனம்திட்டா மாவட்டம். சந்தையும் ஆஸ்பத்திரியும் வண்டிப்பெரியாறில். ஆபீஸ் ஒரு திசை, அரிசி ஒரு திசை. ஒரு தாள் குறைந்தால் ஒரு நாள் கூலி போச்சு.

அந்தப் பாட்டி வீட்டில் வந்த சிக்கல் வேறு. பேத்திக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். ஒரு தாளில் பாட்டி பெயர் மாரி. இன்னொன்றில் மலையாளத்தில் எழுதியவர் கையில் துணைக்கால் கொம்பாகி, மேரி. கிறிஸ்தவரா என்று ஆபீசில் கேட்டார்கள். 1950 பட்டியல் சாதிகள் ஆணைப்படி கிறிஸ்தவர் பட்டியல் சாதியில் வரமாட்டார். 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். எங்களுக்குக் கதவு திறக்கவில்லை. வேதாகமப் பள்ளியில் ரோமர் நிருபம் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்தேன், இதை ஒருவரும் சொல்லித்தரவில்லை. ஞானஸ்நானம் கொடுக்குமுன் அந்த வீட்டுப் பிள்ளைக்கு அது என்ன செலவு வைக்கும் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுப்பது ஏமாற்று.

பாட்டியே ஒருநாள் சொன்னார்: “ஒங்க சாமி வேணாம்னு இல்ல புள்ள. இவ படிச்சு முடிக்கட்டும்.”

மாரியும் மேரியும் ஒருவரே என்று ‘ஒன் அண்ட் சேம்’ சர்டிபிகேட் வாங்க வில்லேஜ் ஆபீசுக்குப் போனோம். மாரிதான் சரி, மேரி பிழை என்று சாட்சி சொன்னது நான், கழுத்தில் சிலுவையோடு. அதிகாரி சிலுவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“உறப்பாணோ?” உறுதிதானா என்று கேட்டார்.

“உறப்பாணு சார்.”

அந்த வருட சபை அறிக்கையில் ஞானஸ்நானம் என்ற கட்டத்தில் சுழியம் போட்டேன். போதகர் ஐயா கொஞ்சநேரம் அதையே பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார்.