பழகிய கைக்கும் பயிற்சி வேண்டும்

முன்னாளில் மாட்டு வண்டி செய்த வேலைகளில் பெரும்பகுதியை இன்று நமது கிராமங்களில் மோட்டார் சைக்கிள் செய்கின்றது. உர மூட்டை வயலுக்குப் போவதும், பால் சொசைட்டிக்குப் போவதும், குழந்தைகள் பள்ளிக்குப் போவதும் அதன் மேல்தான். பண்பொழி, மேக்கரை, வடகரை, அச்சன்புதூர்ப் பக்கங்களில் காலை எட்டு மணிக்குச் சாலையோரம் நின்று பார்ப்பவர்களுக்கு இது நன்கு விளங்கும். இவ்வாறு ஓட்டிச் செல்பவர்களில் பெரும்பாலோர் பத்து, இருபது ஆண்டுகள் பழகியவர்கள். “எனக்கா பிரேக் பிடிக்கத் தெரியாது?” என்று கேட்கக்கூடியவர்கள். அவர்களுக்காகவே இக்கட்டுரை எழுதப்படுகின்றது.

நாமும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவர்களே. பதினெட்டு ஆண்டுகள் வண்டி ஓட்டிய பின்னர், ஓர் ஆனி மாதத்துச் சாரலில், அலுவலக ஊழியர் ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பண்பொழியிலிருந்து செங்கோட்டைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். கன்றுக்குட்டி ஒன்று சாலையின் குறுக்கே ஓடிற்று. வழக்கம்போல் காலால் பின் பிரேக்கை முழு பலத்துடன் மிதித்தோம். பின் சக்கரம் சுழலாமல் நின்று, வழுக்கி, பக்கவாட்டில் இழுத்தது. நமக்குச் சிராய்ப்போடு போயிற்று. பின்னால் இருந்தவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பிறகொரு நாள் அவ்விடத்தைப் போய்ப் பார்த்தபோது, வண்டியை நிறுத்துவதற்குப் போதிய இடம் இருந்தது என்பதும், நிறுத்தும் முறைதான் நமக்குத் தெரியவில்லை என்பதும் புலனாயின. “முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுவாய்” என்று முதன்முதலில் வண்டி பழக்கியவர் சொன்னதைப் பதினெட்டு ஆண்டுகளாக வேதவாக்காகக் கொண்டிருந்தோம். தவறான பழக்கம் ஆண்டுகள் செல்லச் செல்லத் திருந்துவதில்லை, உறுதிப்படுகின்றது.

பழக்கமும் பயிற்சியும்

ஓட்டுநர் உரிமம் பெறும் நாளில் ஆய்வாளர் முன்னிலையில் ‘எட்டு’ போட்டுக் காட்டுகிறோம். இன்றைய சட்டப்படி 30 வயதுக்குள் உரிமம் பெறுகிறவருக்கு அது 40 வயது வரையில் செல்லும். உரிய காலத்தில் புதுப்பித்துக்கொண்டால் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஆகவே, இருபது வயதில் ஒரு முறை சோதிக்கப்பட்ட கை, வாழ்நாள் முழுவதும் வேறெவராலும் சோதிக்கப்படுவதில்லை.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்காவில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாரி ஹர்ட் என்பவர் 900 மோட்டார் சைக்கிள் விபத்துக்களை நேரில் ஆராய்ந்து 1981-ஆம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டார். விபத்துக்குள்ளானவர்களில் நூற்றுக்கு 92 பேர் தாமாகவோ, வீட்டாரிடமோ, நண்பர்களிடமோ ஓட்டக் கற்றவர்கள் என்று அவர் கண்டார். ஆபத்து நேரத்தில் அவர்களில் பெரும்பாலோர் பின் பிரேக்கை அதிகமாக அழுத்தி வழுக்கினர்; முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. இக்காரணங்களால், உரிமம் பெற்றுப் பல ஆண்டுகள் ஓட்டியவர்களுக்கும் மறுபயிற்சி அளிக்கும் வழக்கம் மேல்நாடுகளில் ஏற்பட்டிருக்கின்றது.

இந்தியாவில் 2022-ஆம் ஆண்டில் சாலை விபத்துக்களில் மாண்டவர்கள் 1,68,491 பேர். இவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்.

நமது சாலையின் இயல்பு

குற்றால மலையில் சாரல் தொடங்கியதும் நமது சாலைகளின் தன்மை மாறிவிடுகின்றது. தூறலின் முதற் சில நிமிடங்களில், சாலையில் படிந்துள்ள எண்ணெயும் தூசியும் நீரோடு கலந்து வழுக்கலை உண்டாக்கும். டிராக்டர் சக்கரத்திலிருந்து விழும் சேறும், அறுவடைக் காலத்தில் சாலையில் கிடக்கும் வைக்கோலும் நெல்லும் அவ்வாறே வழுக்கும். திருமலைக் குமாரசுவாமி கோயில் மலைப்பாதையிலும், அச்சன்கோவில் மலைச்சாலையிலும் வளைவுகள் மிகுதி. பெட்ரோலை மிச்சப்படுத்த எண்ணி எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்குவது சிலருடைய வழக்கம். இது பெருந்தவறு. எஞ்சினின் பிடிப்பு இல்லாதபோது முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழுகின்றது. குறைந்த கியரில் இறங்குவதே முறை.

அரை நாள் பாடம்

மறுபயிற்சிக்கு அரை நாளும், போக்குவரத்து இல்லாத சமமான மைதானமும், சிறிது சுண்ணாம்பும் போதும்.

முதலாவது, வண்டியைப் பார்த்தல். டயரின் காற்று, தேய்மானம், செயினின் தளர்ச்சி, இரு பிரேக்குகள், முன் விளக்கு, பின் சிவப்பு விளக்கு ஆகியவற்றை ஒவ்வொருவரும் தம் கையாலேயே சோதிக்க வேண்டும்.

இரண்டாவது, பிரேக். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் நிறுத்த வேண்டும். முதலில் பின் பிரேக்கினால் மட்டும். அடுத்து இரண்டையும் சேர்த்து. நின்ற இடங்களை அடிக்கோலால் அளந்து பார்த்தால் வேறுபாடு எவருக்கும் விளங்கிவிடும். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்திற்கு மாறுகின்றது. ஆகையால் அங்கேதான் பிடிப்பு மிகுதி. ஆனால் முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்கலாகாது. வண்டி நேராக இருக்கையில், படிப்படியாக இறுக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போதும், மணலிலும் சேற்றிலும் இதில் மிகுந்த நிதானம் தேவை. 2019-க்குப் பின் வந்த 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு உண்டு. அவற்றில் பிரேக்கை விட்டு விட்டுப் பிடிக்காமல் தொடர்ந்து பிடிக்க வேண்டும்.

மூன்றாவது, இடைவெளி. 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குச் சுமார் 11 மீட்டர் செல்கிறோம். கண் கண்டு கை இயங்குவதற்குள் அந்தத் தூரம் கடந்துவிடும். வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் நான்கு மடங்காகின்றது. முன் செல்லும் வண்டிக்கும் நமக்கும் குறைந்தது இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். மழையில் அதனை இரட்டிப்பாக்க வேண்டும்.

நான்காவது, வளைவும் விலகலும். வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து, பார்வையை வளைவின் முடிவில் வைக்க வேண்டும். சாலைக் குழிக்குப் பதிலாக ஒரு தேங்காய் மட்டையை நடுவில் வைத்து, அதனை விலகிச் செல்லப் பழக வேண்டும். மட்டையையே பார்த்துக்கொண்டு வருபவர் அதன் மேலேயே ஏறுவதைக் காணலாம். கண் போகும் இடத்திற்கே வண்டியும் போகும்.

ஐந்தாவது, பாரம். பின்னால் ஒருவரையோ, இரு பால் கேன்களையோ ஏற்றிக்கொண்டு இதே பயிற்சிகளைக் குறைந்த வேகத்தில் மீண்டும் செய்ய வேண்டும். நாள்தோறும் நாம் ஓட்டுவது பாரத்துடன் அல்லவா? ஓட்டுபவரோடு பின்னால் அமர்பவரும் தலைக்கவசம் அணிந்து வாரை மாட்டிக்கொண்ட பின்னரே வண்டி நகர வேண்டும். நான்கு வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் இது சட்டப்படி கட்டாயம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

சாரல் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் தொடங்குகின்றது. ஆகவே மே 1-ஆம் நாள் கிராம சபையில் இதனை ஒரு பொருளாக எடுத்துக்கொண்டு, அம்மாதத்திலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறிக்கலாம். மோட்டார் வாகன ஆய்வாளரையோ, போக்குவரத்துக் காவலரையோ, நல்ல ஓட்டுநர் பயிற்சியாளர் ஒருவரையோ முன்னதாக வேண்டி அழைக்கலாம். நெல் உலர்த்தக் களம் அமைத்துக் கொடுத்தால் சாலையில் நெல் பரப்புவதும் குறையும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பஞ்சாயத்துத் தலைவரும் உறுப்பினர்களும் முதல் வரிசையில் தம் வண்டிகளுடன் வந்து நிற்க வேண்டும். முப்பது ஆண்டுகள் ஓட்டிய பெரியவர் ஒருவர் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டிப் போய் நின்று, “மறுபடி ஒரு முறை பார்க்கிறேன்” என்று சொல்வாராயின், அன்றைக்கு ஊரிலுள்ள இளைஞர்கள் கற்கும் பாடம் வேறெவ்வகையிலும் கற்பிக்க இயலாதது.

நமது அலுவலக ஊழியரின் மணிக்கட்டு கூடிவிட்டது. ஆயினும், நிறைந்த தண்ணீர்க் குடத்தை அந்தக் கையால் தூக்க அவரால் இன்றும் இயலவில்லை. வண்டி ஓட்டுபவரின் அறியாமைக்குப் பின்னால் அமர்ந்தவர் விலை கொடுக்கும்படி நேரலாகாது. பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் இதில் சிரத்தை கொண்டு, வரும் சாரலுக்கு முன்பே இப்பணியைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.