தூதுவரின் புத்தாண்டுச் செய்தி

கேள்வி: குவைத்தில் வீட்டு வேலை செய்யும் என் மகளுக்குத் தூதுவரின் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்து வந்தது. இதனால் என்ன பயன்?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: வாழ்த்தோடு நின்றால் பெரிதாக ஒன்றுமில்லை, அம்மா. 2022 ஏப்ரல் 12இல் இலங்கை வெளிநாட்டுக் கடனைக் கட்டுவதை நிறுத்தியது. மறுநாள், வருடப்பிறப்புக்கு முந்தின நாள், வெளிநாட்டிலிருக்கும் நம்மவரிடம் மத்திய வங்கி டொலர் கேட்டது. கேட்கத் தெரிந்த அரசுக்குச் சொல்லவும் தெரிய வேண்டும். சம்பளம் தராவிட்டால், கடவுச்சீட்டைப் பறித்து வைத்தால் யாரிடம் போவது, தூதரகத்தில் தமிழில் பேச யார் இருக்கிறார்? செய்தியின் முதல் வரியே இவற்றுக்கான பதிலாக இருக்க வேண்டும். மருத்துநீர் வைக்கவும் கைவிசேஷம் கொடுக்கவும் ஆளில்லாமல், முதலாளி வீட்டுக் குசினியில் வருடப்பிறப்பன்றும் பாத்திரம் கழுவும் பிள்ளை உங்கள் மகள். 2024 ஜனாதிபதித் தேர்தலில்கூட அங்கிருந்து வாக்களிக்க அவளுக்கு வழியிருக்கவில்லை. தூதரக எண்ணைத் தாளிலும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கைபேசியைப் பறித்தாலும் உதவும். நீங்கள் இங்கிருந்து வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தை 1989 என்ற எண்ணில் அழைக்கலாம்.