பாதையை விட்டு ஏறுகிறவளுக்கு

அன்பு மகளுக்கு,

செப்டம்பரில் தோழிகள் இருவரோடு கலிஃபோர்னியாவின் விட்னி மலைக்குப் போகிறாய் என்றும், எல்லாரும் நடக்கும் பாதையில் இல்லாமல் 'மவுண்டனியர்ஸ் ரூட்' வழியாக ஏறப்போகிறாய் என்றும் எழுதியிருந்தாய். உன் அப்பாவைப் போல 'உனக்கு எதற்கு இந்த வேலை?' என்று நான் கேட்கப் போவதில்லை. பாதையை விடும்போது எதையெல்லாம் விடுகிறோம் என்று தெரிந்துகொண்டு விட வேண்டும், அவ்வளவுதான்.

விட்னி போர்ட்டலில் தொடங்கி உச்சிக்குப் போய்த் திரும்பும் பொதுப்பாதை சுமார் 35 கிலோமீட்டர். லோன் பைன் ஊர்க்காரர்கள் பணம் திரட்டி 1904-இல் போட்டது. எங்கே வளைவது, ஓடையை எங்கே தாண்டுவது, எந்தச் சரிவை ஒதுக்குவது என்று நூறு முடிவுகளை அவர்கள் உனக்காக அன்றே எடுத்துவிட்டார்கள். நீ அந்தப் பாதையை விட்டு, லோன் பைன் ஓடையின் வடக்குக் கிளையோரம் திரும்பியதும் அந்த நூறும் உன் தலையில் வந்து விழும். தூரம் குறைவு என்று மகிழாதே. ஏற வேண்டிய உயரம் இரண்டிலும் ஏறத்தாழ 1,900 மீட்டர்தான். இந்த வழியில் அது செங்குத்தாக வரும்.

இதே மலையில் ஏமாந்த ஒரு பெரிய மனிதரின் கதையைச் சொல்கிறேன். கிளாரன்ஸ் கிங் நிலவியலாளர், சாதாரண ஆள் இல்லை. 1864-இல் அவர் இருந்த ஆய்வுக்குழுதான் இந்தச் சிகரத்துக்குத் தன் தலைவர் ஜோசையா விட்னியின் பெயரை வைத்தது. அந்த ஆண்டு கிங்கால் உச்சிக்குப் போக முடியவில்லை. 1871-இல் மேகமூட்டத்துக்கு நடுவே ஏறி, விட்னியைத் தொட்டுவிட்டதாக அறிவித்தார். மறு ஆண்டு புத்தகத்திலும் எழுதினார். அவர் நின்றதோ தெற்கே சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லாங்லி சிகரத்தில். 1873-இல் குட்டு உடைந்தது. அவர் அடித்துப் பிடித்துத் திரும்பி வந்து ஏறுவதற்குள், ஆகஸ்ட் 18 அன்றே லோன் பைன் பக்கத்து மீன்பிடிகாரர்கள் மூவர் உச்சியைத் தொட்டிருந்தார்கள்.

கிங்குக்குப் படிப்பில் குறைவில்லை. பாதையில்லாத இடத்தில் 'நீ வந்திருப்பது இன்ன இடம்' என்று சொல்லப் பலகை இருக்காது. மனம் தனக்குப் பிடித்த பதிலைச் சொல்லிக்கொள்ளும். அதனால் அடுத்து என்ன வர வேண்டும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துக்கொள். முதலில் லோயர் பாய் ஸ்கவுட் ஏரி, பிறகு அப்பர் பாய் ஸ்கவுட் ஏரி, அதற்கும் மேலே சுமார் 3,840 மீட்டரில், கிழக்குச் சுவரின் காலடியில் ஐஸ்பெர்க் ஏரி. உயரமானி ஒன்று சொல்லி, கண் வேறொன்று சொன்னால் அங்கேயே உட்கார். வரைபடத்துக்கு ஏற்றபடி மலையை வளைத்துப் பார்க்காதே. வரைபடமும் எல்லாவற்றையும் சொல்லாது: சமவுயரக் கோடுகளுக்கு இடையே 40 அடி என்றால், 35 அடிப் பாறைச்சுவர் ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவில் காணாமல் போய்விடும்.

இனி இடுக்குச் சரிவு. ஐஸ்பெர்க் ஏரியிலிருந்து மேலே போகும் இடுக்கு முழுவதும் உதிரிக் கல். நெல் அம்பாரத்தில் ஏறுவது போல, இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். இங்கே ஆபத்து மேலே போகிறவரின் காலிலிருந்து வருகிறது. ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக் கூடாது. ஹெல்மெட் வேண்டும். கல் பெயர்ந்தால் வெட்கப்படாமல் கத்து.

இடுக்கின் தலையில் ஒரு பிளவு. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் உச்சிக்குக் கடைசி 400 அடி. அந்தப் பக்கம் வடக்கு நோக்கியது, வெயில் குறைவு, புதுப்பனி விழுந்தால் உறைந்து கண்ணாடியாகிவிடும். காலோடு கையும் வேண்டிய பகுதி. அங்குள்ள ஏறுநர் கணக்கில் மூன்றாம் வகுப்பு. பாறை காய்ந்திருந்தால் நீ ஏறிவிடுவாய், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இறங்குவாயா என்பதுதான் கேள்வி. ஏறும்போது பிடி கண்ணுக்கு நேரே இருக்கும். இறங்கும்போது காலுக்கடியில் ஒளிந்திருக்கும். ஆகவே, இறங்க முடியாது என்று தோன்றுகிற எதன்மேலும் ஏறாதே. அடிக்கடி திரும்பிப் பார். மாலையில் நீ காணப்போகும் மலை அந்த முகம்தான். பனிக்கட்டியைக் கண்டால், கோடரியும் பழக்கமும் இல்லாத நிலையில் பிளவோடு திரும்பிவிடு.

திரும்புவது கேவலம் என்று நினைப்பாய். இயற்கையியலாளர் ஜான் மியூர் 1873 அக்டோபரில் இந்த மலையில் ஏறப்போய் உயரத்திலேயே இருட்டில் மாட்டிக்கொண்டார். விறைத்துவிடாமலிருக்க இரவெல்லாம் ஆடியபடி இருந்து, விடிந்ததும் உச்சியைத் தொடாமலே இறங்கினார். சில நாள் கழித்துக் கிழக்கிலிருந்து நேராக ஏறி 21-ஆம் தேதி உச்சியில் நின்றார். நீ ஏறப்போவது அவர் ஏறிய அந்த வழிதான். வழியைக் கண்டதைவிட, முதல் தடவை இறங்கினாரே, அதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

நேரக் கணக்குக்கு மலையேறி நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன சூத்திரம் (5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி) இங்கே உதவாது. அது நல்ல தரைக்கு. திரும்பும் நேரத்தைக் கீழே இருக்கும்போதே முடிவு செய். கோடையின் பிற்பகல் இடிமழை செப்டம்பரிலும் எட்டிப் பார்க்கலாம். உச்சியில் 1909-இல் கட்டிய கல்வீடு ஒன்று உண்டு. 1990-இல் அதற்குள் ஒதுங்கியிருந்த ஒருவர் மின்னல் தாக்கி இறந்தார். மேகம் திரண்டால் அந்த வீட்டை நம்பாதே, இறங்கு.

உயரத்தால் தலைவலியோடு வாந்தியும் தள்ளாட்டமும் வந்தாலும் மருந்து அதுவேதான்: இறக்கம். அனுமதிச் சீட்டு கட்டாயம். மலத்தைப் பையில் கட்டிக் கீழே கொண்டுவருவதும் அங்கே விதி, முகம் சுளிக்காதே.

கிளம்புவதற்கு முந்தின நாள் மூன்று விஷயங்களைத் தாளில் எழுது: ஏறும் வழி, திரும்பும் நேரம், எத்தனை மணிவரை செய்தி வராவிட்டால் தேட வேண்டும் என்பது. உன்னோடு மலைக்கு வராத ஒருவரிடம் அதைக் கொடுத்து, இன்யோ மாவட்ட ஷெரிஃப் அலுவலகத்தின் எண்ணையும் அதில் எழுதிக் கொடு. எனக்கும் ஒரு படம் எடுத்து அனுப்பு. அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
சித்தப்பா