எடை குறைந்த மடிக்கணினியைத் தேர்ந்தெடுத்தல்

1981-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன்-1 என்னும் கணினி, கையில் தூக்கிச் செல்லத்தக்கதென விளம்பரம் செய்யப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 11 கிலோகிராம். பாட்டரியும் அதனுள் இல்லை. 2008-ஆம் ஆண்டு ஜனவரியில், ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் அலுவலகக் காகித உறை ஒன்றினுள்ளிருந்து 1.36 கிலோகிராம் எடையுள்ள மடிக்கணினியை எடுத்துக் காட்டினார். கண்டோர் வியந்தனர். எனினும், அக்கருவியில் எவையெவை விடப்பட்டிருந்தன என்பதும் நோக்கத்தக்கது. குறுந்தகடு இயக்கி இல்லை, கம்பிவழி இணைய இணைப்புக்கான துளை இல்லை, யு.எஸ்.பி. துளை ஒன்றே ஒன்று. 2 ஜிகாபைட் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தமையால் அதனைப் பின்னர் கூட்டவும் வழியில்லை.

இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவும் இவ்வழியிலேயே அமைக்கப்படுகின்றன. ஆகவே, ஊர் ஊராகச் சென்று விவரம் திரட்டும் களப்பணியாளரும், பள்ளிக்கும் வீட்டிற்கும் ஒரே கருவியை வைத்துக்கொள்ளும் ஆசிரியரும், எடையைக் கேட்டறிவதோடு, எது நீக்கப்பட்டுள்ளது, அதனைப் பின்னர் சேர்க்க இயலுமா என்பதையும் கேட்டறிதல் வேண்டும். ஒரு மாதச் சம்பளத்தை, சிலருக்கு இரு மாதச் சம்பளத்தை, விழுங்கிவிடும் பொருள் இது.

முதலில் எடை. 15.6 அங்குலத் திரையுடைய சாதாரண மடிக்கணினி பெரும்பாலும் 1.6 கிலோகிராமுக்கு மேற்பட்டிருக்கும். 13 அல்லது 14 அங்குலத் திரையுடைய இலேசான வகைகள் 1 முதல் 1.4 கிலோகிராம் வரை இருக்கும். விளம்பரத்திற் காணும் எடையில் சார்ஜர் சேருவதில்லை. கம்பியுடன் கூடிய சார்ஜர் 200 முதல் 350 கிராம் வரை இருக்கக்கூடும். தோளிற் சுமப்பவர்க்கு இதுவும் சுமையே. டைப்-சி துளை வழியே மின்னேற்றம் பெறும் கருவியாயின், போதிய வாட் திறனுள்ள ஒரே சார்ஜர் கைப்பேசிக்கும் கணினிக்கும் உதவும்.

வெளிக்கூட்டின் உலோகமும் எடையை நிர்ணயிக்கிறது. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம்; மக்னீசியத்தின் அடர்த்தி 1.74 கிராம். எனவே, 1 கிலோகிராமுக்கும் குறைந்த கருவிகள் பலவற்றில் மக்னீசியக் கலப்புலோகம் பயன்படுத்தப்படுகிறது. விலை குறைந்தவற்றில் மெல்லிய பிளாஸ்டிக்கே காணப்படும். பிளாஸ்டிக் என்பதனாலேயே இழிவன்று. ஆனால் விசைப்பலகையின் நடுவில் விரலால் அழுத்தும்போது அது குழிந்தாலும், மூடியைத் திறக்கும்போது கீல் நெளிந்தாலும், பேருந்துப் பயணத்தை அது நெடுநாள் தாங்காது.

உலோகக் கூட்டைப் பற்றி இன்னொன்று. எர்த் இணைப்பில்லாத பழைய கட்டடங்களில் மின்னேற்றம் செய்யும்போது, கூட்டைத் தொட்டால் மெல்லிய கூச்சம் உணரப்படுவதுண்டு. சார்ஜரின் இடையூறு வடிகட்டும் பகுதி வழியே கசியும் மிகச் சிறு மின்னோட்டமே இதற்குக் காரணம். எர்த் உள்ள மூன்றுமுனைச் செருகியால் இது பெரும்பாலும் நீங்கும். சுரீரெனத் தாக்குமாயின் அது வேறு செய்தி. அந்தச் சார்ஜரை உடனே விலக்குக.

அடுத்து, பாட்டரி. இலித்தியம்-அயனி மின்கலத்தை 1991-ஆம் ஆண்டில் ஜப்பானின் சோனி நிறுவனம் வாணிபத்திற்குக் கொணர்ந்தது. இம்மின்கலத்தை உருவாக்கிய ஆராய்ச்சிக்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவர்க்கும் 2019-ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. உலோகங்களுள் மிக இலேசானது இலித்தியம். ஆயினும், 50 வாட்-மணி ஆற்றலைத் தேக்கும் மின்கலங்கள் 200 கிராமுக்குக் குறையாமல் எடை கொள்கின்றன. எடையைக் குறைக்க விரும்பும் உற்பத்தியாளர் பாட்டரியைச் சிறிதாக்க முனைவது இதனாலேயே.

விளம்பரத்தில் "15 மணி நேரம்" என்றிருப்பதை நம்புவதைவிட, வாட்-மணி எண்ணைக் கேட்டு வாங்குவோர் தாமே கணக்கிடுவது மேல். எழுதுதல், அட்டவணை நிரப்புதல், இணையம் நோக்குதல் ஆகிய பணிகளுக்கு நல்ல வெளிச்சமுள்ள திரையுடன் சராசரி 8 வாட் செலவாகிறதென்று கொள்வோம். 50 வாட்-மணி பாட்டரி சுமார் 6 மணி நேரமும், 36 வாட்-மணி பாட்டரி நாலரை மணி நேரமும் உழைக்கும். சில நூறு முறை ஏற்றி இறக்கியபின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், மின்தடை மிகுந்த ஊர்களில் பணியாற்றுவோர்க்குப் பின்னது போதாது. சிறிது எடையை மிச்சப்படுத்தி, பிற்பகலில் கருவி அணைந்து கிடப்பதில் இலாபமில்லை.

நினைவகமே மிகுந்த எச்சரிக்கைக்குரியது. பருத்த மடிக்கணினியில் நினைவகப் பலகையைக் கழற்றி மாற்றலாம். மெல்லிய கருவிகள் பலவற்றில் அது தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். வாங்கிய அன்று உள்ளதே இறுதி நாள் வரை. இத்தகைய கருவியில் 8 ஜிகாபைட்டுக்குக் குறைந்ததை ஏற்க வேண்டா. ஐந்தாறு ஆண்டுகள் பயன்படுத்த எண்ணுவோர் 16 ஜிகாபைட் பெறுதல் நன்று. கைப்பணம் குறைவாயின், சேமிப்பகத்திற் சிக்கனம் செய்யலாம், எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மச் சேமிப்பகம் பெரும்பாலான கருவிகளிற் பின்னர் மாற்றத்தக்கது. வெளிப்புறச் சேமிப்பகத்தை இணைத்துக்கொள்வதும் உண்டு.

மிகக் குறைந்த விலையில், மிக இலேசாகக் கிடைக்கும் சில கருவிகளில் 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் இ.எம்.எம்.சி. சேமிப்பகமும் இருக்கும், இரண்டும் பற்றவைக்கப்பட்டவை. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்த அளவு இதுவே. ஆதலால் அது நிறுவப்படும். ஆனால் புதுப்பிப்புகள் வரவர இடம் நிரம்பி, கருவி தவழத் தொடங்கும். கிராமப்புற ஆசிரியர் பலர் விலையையும் எடையையும் கண்டு ஏமாறும் இடம் இது. பழைய கருவி வாங்க நினைப்போரும், விண்டோஸ் 10-க்கு அளிக்கப்பட்ட பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிவுற்றதை அறிந்து, விண்டோஸ் 11 ஏற்கும் கருவிதானா என்று பார்த்தல் வேண்டும். சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளமும் ஒரு வழி. அலுவலகப் படிவங்கள் அதில் இயங்குமா என்று முன்னரே சோதித்துக்கொள்க.

மெல்லிய கூட்டினுள் வெப்பம் வெளியேற இடம் குறைவு. இக்காரணத்தால் அவற்றில் 15 வாட் அளவிலான நுண்செயலிகள் இடம்பெறுகின்றன. கடிதம், கணக்கு, பாடப்படம் ஆகியவற்றுக்கு இவை தாராளமாகப் போதும். பெரும்பாலான உற்பத்தியாளர் குறிப்பிடும் சூழ்நிலை வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ். நம் நாட்டின் பல பகுதிகளில் மே மாதம் அதனை எளிதிற் கடந்துவிடும். விசிறியற்ற கருவி தூசியை உள்ளிழுப்பதில்லை, சப்தமும் இல்லை. ஆயினும் கடுங்கோடையில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

திரையின் ஒளி நிட் என்னும் அலகால் அளக்கப்படும். அறைக்குள் 250 நிட் போதும். மரநிழலிலோ திண்ணையிலோ அமர்ந்து எழுதுவோர்க்கு 400 நிட்டும் பளபளப்பற்ற பரப்பும் தேவை. அகலமும் உயரமும் 16:10 விகிதத்திலமைந்த 14 அங்குலத் திரை, 16:9 விகிதத் திரையைவிட அரை அங்குலம் உயர்ந்தது. பட்டியல்களில் கூடுதலாகச் சில வரிகள் தெரியும்.

வகுப்பறை ஒளிபெருக்கி வி.ஜி.ஏ. வகையா, எச்.டி.எம்.ஐ. வகையா என்பதை முன்கூட்டியே அறிந்து, வேண்டுமாயின் இணைப்பியொன்றையும் விலையிற் சேர்த்துக்கொள்க. வீட்டில் நெடுநேரம் பணிபுரிவோர், கருவியைப் புத்தகங்களின்மேல் உயர்த்தி, தனி விசைப்பலகையை இணைத்துக்கொண்டால் கழுத்து நோகாது.

பணம் செலுத்துமுன் கருவியையும் சார்ஜரையும் புரட்டி அடிப்புறத்தைப் பார்த்தல் அவசியம். கட்டாயப் பதிவு ஆணையின்படி இவ்விரண்டுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு வேண்டும். அமைவனத்தின் குறியும், ஆர் என்னும் ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அப்பதிவெண்ணை அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் இட்டு, உற்பத்தியாளர் பெயரைக் கடையிலேயே ஒப்பிட்டுக்கொள்ளலாம்.