அடுப்பில்லாமல் குச்சியில் ஒரு கொறிப்பு

கோடை விடுமுறைக்கு உறவுகள் கூடும் வீட்டில், மே மாத மதியத்தில் பஜ்ஜிக்கு எண்ணெய் காயவைப்பது சமைப்பவருக்குத் தண்டனை. மூங்கில் குச்சியில் காய்களையும் பழங்களையும் கோத்து வைத்தாலே போதும்.

முதலில் செய்து பார்க்க வேண்டியது கிளிமூக்கு மாங்காய், வெள்ளரிப் பிஞ்சு, பன்னீர் கூட்டணி. எல்லாவற்றையும் ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி, இடையிடையே புதினா இலையை மடித்துச் செருகுங்கள். உப்பும் மிளகாய்த்தூளும் பரிமாறும்போதுதான் தூவ வேண்டும். முன்பே தூவினால் வெள்ளரி நீர்விட்டு, பன்னீரும் நசநசத்துவிடும். தர்பூசணி சேர்த்தால், அதுவும் சீக்கிரம் நீர்விடும் என்பதால் கடைசியில் கோத்துக்கொள்ளுங்கள். அடியில் கெட்டியான கொய்யாத் துண்டு ஒன்றைக் குத்திவிட்டால் மேலே உள்ளவை நழுவாது. நுங்கு இதற்கு ஆகாது. குத்தியதும் அதன் தண்ணீர் போய்விடும்.

பன்னீரைப் பச்சையாகச் சாப்பிடுவதால், பாஸ்டுரைஸ் செய்த பாலில் தயாரான பாக்கெட்டாக வாங்கி, அன்றைக்கே பிரியுங்கள். வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், கோத்த குச்சிகளை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. பாதியை ஃப்ரிட்ஜில் வைத்து, தட்டு காலியானதும் எடுங்கள்.

குழந்தைகள் கையில் தரும் குச்சியின் கூர்முனையைக் கத்தரித்துவிடுங்கள். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் குச்சியே வேண்டாம், உருவிக் கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள். திராட்சையை முழுதாகத் தந்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். நீளவாக்கில் நான்காக நறுக்கித் தாருங்கள்.