சிப்பமும் சரக்கின் மதிப்பும்

சரக்கை உற்பத்தி செய்வதோடு உழவனுடைய வேலையும் நெசவாளியுடைய வேலையும் முடிந்துவிடுவதில்லை. அது கேடின்றி வாங்குவோர் கையை அடைந்தால்தான் உழைப்பு பணமாகும். வழியில் நசுங்கிய பழத்திற்கும் கறைபட்ட சேலைக்கும் நல்ல விலை கொடுப்பார் இலர். ஆதலால் சரக்கைக் காப்பது சிப்பத்தின் முதற் கடமை; அளவை உறுதிசெய்வது இரண்டாவது; செய்தவர் பெயரை வாங்குவோர்க்கு அறிவிப்பது மூன்றாவது. இம்மூன்றும் வளர்ந்த விதத்தை அறிய வாழைப்பழ வாணிகம் நல்ல சான்றாகும்.

1. தாராகச் சென்ற காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் 1950ஆம் ஆண்டுகள் வரை மத்திய அமெரிக்க நாடுகளிலிருந்து வாழை முழுத் தாராகவே கப்பலேறியது. அந்நாளில் பயிரான குரோ மிஷேல் என்னும் வகை தடித்த தோலுடையது; நெருக்கி அடுக்கினாலும் எளிதில் கன்றாது. போய்ச் சேர்ந்த நகரங்களிலே மொத்த வியாபாரிகள் தார்களைத் தொங்கவிட்டுப் பழுக்கவைத்துச் சீப்புகளாக அறுத்துக் கடைகளுக்கு அனுப்பினர்.

2. பெட்டி வந்த காரணம்

மண்ணில் தங்கி வேர்வழியே ஏறும் பூஞ்சணத்தால் வரும் பனாமா வாடல் நோய் அத்தோட்டங்களை அழித்தது. கம்பெனிகள் அந்நோயைத் தாங்கிய கேவண்டிஷ் இனத்திற்கு மாறின. ஆனால் அதன் தோல் மென்மையானது. தாராக அனுப்பினால் உராய்ந்து கறுத்துவிடும். எனவே 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் நெளி அட்டைப் பெட்டி வழக்கத்திற்கு வந்தது.

தோட்டத்தருகே கொட்டகை அமைத்து, அங்கே தாரிலிருந்து சீப்புகளை அறுத்து, நீர்த்தொட்டியிலிட்டுப் பாலைக் கழுவினர். பழுதானவற்றைக் கழித்து, எஞ்சியவற்றை நிறுத்துப் பெட்டியில் அடுக்கினர். பெட்டியிலுள்ள துளைகள் காற்றோட்டத்திற்கும் கைப்பிடிக்கும் உதவின. 40 பவுண்டு, அதாவது 18.14 கிலோ, உலக வாணிகத்தில் ஒரு பெட்டியின் அளவாக நிலைபெற்றது. உண்ணப்படாத தண்டிற்குக் கப்பற்கூலி கொடுப்பதும் நின்றது. 1963இல் சிக்கிட்டா என்னும் பெயர்ச்சீட்டுப் பழத்தின்மேலேயே ஒட்டப்பட்டது. பெயரற்ற பழம் பெயருள்ள பழமாயிற்று.

3. வேலை யாருடையது, ஊதியம் யாருக்கு?

அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்கவேண்டியது இதுவே. தொலைநகர வியாபாரி செய்துவந்த அறுப்பும் தரம் பிரிப்பும் விளையும் இடத்திற்கே வந்துவிட்டன. வேலை வந்தால் அதற்குரிய ஊதியமும் வரவேண்டுமல்லவா? அது தானாக வருவதில்லை. கரீபியக் கடலிலுள்ள வின்ட்வார்டு தீவுகளில் சிறு விவசாயிகள் காய்களைப் பொதுவான சிப்பக் கொட்டகைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தனர். 1980ஆம் ஆண்டுகளில் வயலிலேயே பெட்டியில் அடைக்கும் முறை புகுந்தது. கைமாற்றம் குறைந்ததால் கன்றலும் குறைந்தது. ஆனால் முன்பு கொட்டகையில் கூலியாட்கள் செய்த வேலை விவசாயக் குடும்பத்தின் தலையில் விழுந்தது. சிப்பம் கட்டும் உழைப்பையும் விலையில் கணக்கிட்டுக் கேட்கவேண்டும் என்பதே இதனால் விளங்கும் நீதி.

4. நெசவாளருக்கு

துணிக்கும் இது பொருந்தும். சரிகைப் பட்டை பிளாஸ்டிக் உறையில் நெடுநாள் அடைத்துவைத்தால் ஈரம் தங்கிச் சரிகை கறுக்க ஏதுவாகும். பருத்தித் துணியில் சுற்றி, மடிப்பை அவ்வப்போது மாற்றுதல் நலம். 2006இல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை, விசைத்தறித் துணியினின்றும் நம் துணியைப் பிரித்துக் காட்டுகிறது. உறைமீது சங்கத்தின் பெயரும் இருந்தால், உவந்து வாங்கியவர் மறுமுறை நம்மைத் தேடி வருவார். பெயர் இல்லையேல் அந்த நன்மதிப்பு கடைக்காரருக்கே சேரும்.

சிப்பத்திற்குச் செலவிடும் பணம் வீண் அன்று. அளவு மீறினால் வீணே. கேட்டினால் இழப்பது எவ்வளவு, காப்பதற்காகும் செலவு எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும். தனியொருவர் வாங்கினால் பெட்டியின் விலை கூடும். சங்கமாகச் சேர்ந்து வாங்கினால் குறையும்.

சங்கக் கூட்டத்தில் ஆலோசிக்க:

அ. சென்ற பருவத்தில் நம் சரக்கில் வழியில் கெட்டது எவ்வளவு? எந்த இடத்தில் கெட்டது?

ஆ. தரம் பிரித்துச் சிப்பம் கட்டும் வேலையை இப்போது செய்பவர் யார்? அதன் லாபம் யாரிடம் சேர்கிறது?

இ. அவ்வேலையைச் சங்கமே ஏற்றால் அங்கத்தினருக்குத் தரவேண்டிய கூலி என்ன?